ஊரடங்கு ஞாயிறும் நடக்காமல் போன மேட்ச்சும்

போன ஞாயிற்றுக்கிழமை, 2022 ஜனவரி 23. முழு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமையே கோழியும் காய்கறியும் வாங்கி வைத்தாயிற்று. மதியம் 3 மணிக்கெல்லாம் ராத்திரிச் சமையலையும் சேர்த்து முடித்துவிட்டேன், ஏனென்றால் ஏழரைக்கு மேட்ச். நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்தில், பெண்கள் கால்பந்து ஆசியக் கோப்பையில், இந்தியாவும் சீன தைபேயும் (தைவான் அணி). என் பெண்ணுக்கு 11 வயது. அவள் காலையிலிருந்தே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். வியாழக்கிழமை ஈரானோடு கோல் போட வந்த வாய்ப்புகளையெல்லாம் விட்டுவிட்டு 0-0 என்று முடித்திருந்தார்கள், அதனால் இந்த ஆட்டத்தை ஜெயித்தே ஆகவேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் செய்தி வந்தது. இந்திய அணியில் 12 பேருக்குக் கொரோனா பாசிட்டிவ். மேட்ச் இல்லை.

தள்ளிப்போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தள்ளிப்போடவில்லை, போட்டியை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்று. விதிப்படி 13 பேரையாவது காட்ட முடியாத அணி தானாக விலகியதாகக் கணக்காம். ஈரானோடு ஆடிய 0-0 ஆட்டத்தையும் ஆடாத மாதிரி அழித்துவிட்டார்கள். 2003க்குப் பிறகு இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பையில் ஆடுவது இதுதான் முதல் தடவை, அதுவும் சொந்த நாட்டில். நன்றாக ஆடியிருந்தால் 2023 உலகக் கோப்பைக்குப் போகும் வழியும் இதிலேயே இருந்தது. பாப்பா சட்டையைக் கழற்றவே இல்லை, அப்படியே தூங்கிப்போனாள்.

ராத்திரி தங்கச்சிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, இன்னிக்கும் காலையிலேர்ந்து வரிசையா மூக்குல குச்சி விட்டுட்டு இப்பதான் வந்து உக்காந்தேன். ஊரையே அடைச்சுப் போட்டிருக்காங்க. இதுல பந்து விளையாட்டு எதுக்குக்கா? நிறுத்திட்டிருந்தா அந்தப் பொண்ணுங்களுக்கும் வந்திருக்காதுல்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷமாக அந்த கவசத்துக்குள் வெந்துகொண்டு வேலை செய்கிறவள் கேட்கும்போது சட்டென்று வாயைத் திறக்க யாருக்கும் மனசு வராது. நாலு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்தியது நூற்றுக்கு நூறு சரி. கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருக்கவேண்டும் என்பதுதான் என் வருத்தம். அந்த வருஷம் பிப்ரவரி 19 அன்று இத்தாலியில் மிலன் நகரத்தின் சான் சிரோ மைதானத்தில் பெர்கமோ ஊர் அணியான அட்லாண்டாவும் ஸ்பெயினின் வாலென்சியாவும் ஆடின, பெர்கமோ ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் சேர்ந்து 40,000 பேருக்கு மேல் கூட்டம், அட்லாண்டா 4-1 என்று ஜெயித்ததும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள், சில வாரங்களில் அதே பெர்கமோவில் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனதை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். பரவியதற்கு அந்த ஒரு ஆட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று அந்த ஊர் மேயரே சொன்னார். மார்ச் 11, உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே நாள், லிவர்பூலில் 50,000 பேருக்கு மேல் உட்கார்ந்து அத்லெடிகோ மாட்ரிட் ஆட்டத்தைப் பார்த்தார்கள். மாட்ரிட்டில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், அங்கே ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல்தான் நடத்தவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள், ஆனால் அங்கிருந்து சுமார் 3,000 ரசிகர்கள் விமானம் ஏறி இங்கிலாந்துக்கு வந்து கேலரியில் உட்காரலாமாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் பக்கத்தில் மார்ச் 14 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம், கோவா ஃபட்டோர்டாவில், ஒரு ரசிகர்கூட இல்லாமல். சென்னையின் எஃப்சி 1-3 என்று கொல்கத்தாவின் ஏடிகேயிடம் தோற்றது. காலி நாற்காலிகளைப் பார்த்தபோதே வயிற்றைப் பிசைந்தது. பத்து நாளில் நாடே பூட்டிக்கொண்டது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் மூலமாகக் கடலூர் மாவட்டத்தில் தொற்று ஒரேயடியாக ஏறியது ஞாபகம் இருக்கும். பாவம், வேலை போய், லாரியில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர்கள், அவர்களைத் தெருவே ஏதோ குற்றவாளி மாதிரி பார்த்தது. கடலூர் - பாண்டிச்சேரி எல்லையான முள்ளோடையில் பாண்டிச்சேரிக்காரர்கள் ரோட்டை அடைத்துவிட்டார்கள். எனக்கு வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை, முதல் மாதம் பாதிச் சம்பளம், இரண்டாவது மாதம் அதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் மே 16 அன்று பந்து திரும்ப உருண்டது. டார்ட்மண்ட் - ஷால்கே, 4-0. நம் நேரத்துக்குச் சாயங்காலம் 7 மணி. கைபேசியில் பார்த்தேன். டார்ட்மண்ட்டின் ஹாலாண்ட் முதல் கோலைப் போட்டுவிட்டுக் கொடிக்கம்பத்துப் பக்கம் ஓடிப்போய் ஆடுகிறார், கூட ஆடுகிறவர்கள் ஓடிவந்து மேலே விழவில்லை, நாலடி தள்ளியே நிற்கிறார்கள். அந்த நாலடி இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. அவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், நான் திரும்பவில்லை.

ஆமாம், அது வேலைதான். தங்கச்சிக்கு என் முதல் பதில் இதுதான். நமக்கு அது விளையாட்டு, பொழுதுபோக்கு. ஆடுகிறவருக்கும், புல் வெட்டுகிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும், துணி துவைத்துப் போடுகிறவருக்கும் மாதச் சம்பளம். டிவிக்காரர் கொடுக்கும் பணம் நின்றால் கிளப்பே மூடிக்கொள்ளும் என்ற நிலைமை பல இடங்களில் இருந்தது. நெய்வேலியில் சுரங்கம் நிற்கவில்லை, ஷிஃப்ட்டுக்கு ஆள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மின்சாரமும் கால்பந்தும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒருத்தர் வேலை அத்தியாவசியமா இல்லையா என்று மட்டும் கேட்டால் நம்மில் பாதிப் பேர் வீட்டில்தான் உட்காரவேண்டும். பத்திரமாகச் செய்ய முடியுமா, செய்தால் அடுத்தவருக்குக் கெடுதலா என்றுதான் கேட்கவேண்டும்.

பிரான்ஸ் அப்படிக் கேட்கவில்லை. ஏப்ரல் 28 அன்று பிரதமர் எழுந்து இந்த சீசன் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார், பத்து ரவுண்டு பாக்கி இருக்கும்போதே பாரிஸ் அணிக்குக் கோப்பையைக் கொடுத்து மூடிவிட்டார்கள். என் ஆபீஸ் இருக்கும் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. லியோன் கிளப் என்றால் அவருக்கு உயிர். அந்த நேரத்தில் ஏழாவது இடத்தில் இருந்ததால் அடுத்த வருஷ ஐரோப்பியப் போட்டி எதற்கும் லியோன் போக முடியாமல் போயிற்று. பார்டர் திறந்து நான் வேலைக்குத் திரும்பின முதல் வாரத்தில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "பாரும்மா, ஜெர்மனிக்காரன் ஆடறான், இத்தாலிக்காரனே ஆடறான், எங்காளுங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார், நான் அதை ஏற்றிவிடச் சொன்னேன். ஆகஸ்டில் லிஸ்பனில் அதே லியோன் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனது, பாரிஸ் இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. சொந்த ஊரில் ஆடக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டு அணிகள். பெரியவர் கோபம் நியாயம்தான். ஆனாலும் பிரான்ஸை நான் திட்டமாட்டேன். ஏப்ரலில் அங்கே செத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அந்த முடிவைத்தான் எடுத்திருப்பார்கள்.

அப்புறம் கோவா. 2020 நவம்பர் 20 அன்று ஐ.எஸ்.எல். தொடங்கியது. 11 அணிகள், 3 மைதானங்கள், எல்லாரும் ஓட்டல் ரூமிலும் மைதானத்திலும் மட்டும், நாலு மாதம் வெளியே தலைகாட்டக் கூடாது, அதற்குப் பெயர் குமிழி. சென்னையின் முதல் ஆட்டம் நவம்பர் 24, ஜாம்ஷெட்பூரோடு. தேதி எப்படி நினைவிருக்கிறது என்றால், மறுநாள் ராத்திரி நிவர் புயல் கரையைக் கடந்தது. அன்றைக்கே கடலூரில் மழை பிடித்துக்கொண்டது, பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட்டு, கரன்ட் எப்போது போகுமோ என்று பயந்துகொண்டே டிவியைப் போட்டோம், போட்டு உட்காருவதற்குள் முதல் நிமிஷத்திலேயே அனிருத் தாபா கோல். பாப்பா போட்ட கத்தலில் மாமியார் எழுந்து வந்துவிட்டார். 2-1 என்று ஜெயித்தோம். அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த நாட்களை எண்ணிவிடலாம், அதில் அது ஒன்று. இதெல்லாம் ஒரு காரணமா என்று தங்கச்சி கேட்பாள். காரணம்தான். பூட்டிய வீட்டுக்குள் பயந்துகொண்டு கிடந்த கோடிக்கணக்கான பேருக்கு ஏழரை மணிக்கு எதிர்பார்க்க ஒன்று இருந்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 2021 மே மாதம் வேறு. அந்த மாதத்தைப் பற்றி எழுதவே கை வரவில்லை. என் பெரிய மாமா ஆக்சிஜன் படுக்கைக்காக ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலேயே ஐந்து மணி நேரம் காத்திருந்தார், படுக்கை கிடைத்தது, மூன்றாம் நாள் போய்விட்டார். முகத்தைப் பார்க்க விடவில்லை. அந்த வாரத்தில்தான் ஐ.பி.எல். கிரிக்கெட்டையும் பாதியில் நிறுத்தினார்கள், மே 4. அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு சேனலில் சிதை எரிவதையும் அடுத்த சேனலில் சிக்ஸர் பறப்பதையும் காட்டிக்கொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரர் டிவி வயரையே பிடுங்கிப் போட்டுவிட்டார். கால்பந்து என்றால் எனக்கு உயிர், ஆனால் அந்த மாதத்தில் யாராவது கால்பந்து நடத்தியிருந்தால் நானே எதிர்த்து எழுதியிருப்பேன். மைதானத்து வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் ஒரு நோயாளிக்குக் கிடைக்காமல் போன ஆம்புலன்ஸ். ஆட்டக்காரருக்கு எடுக்கும் டெஸ்ட், லேபில் இன்னொருத்தர் சாம்பிளைக் காத்திருக்க வைக்கும் டெஸ்ட். ஊர் வாயிலிருந்து பிடுங்கித்தான் ஆட்டம் நடக்கும் என்றால் அந்த ஆட்டம் வேண்டாம். அப்படிப் பிடுங்காமல் நடத்த முடிகிற காலமும் இருந்தது, இந்த 2022 ஜனவரியில், கொரோனாவின் ஓமிக்ரான் வகை பரவும்போதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. முழு ஊரடங்கு என்று ஒரே பெயரைச் சொன்னாலும் 2021 மே ஞாயிறும் 2022 ஜனவரி ஞாயிறும் ஒன்றில்லை. கடலூரில் போன ஞாயிறு கடை எல்லாம் மூடியிருக்க, முள்ளோடையைத் தாண்டினால் பாண்டிச்சேரியில் முழு ஊரடங்கே கிடையாது.

இப்போது அந்த 12 பெண்களுக்கு வருகிறேன். என் கோபம் இங்கேதான்.

இதே ஜனவரியில் கோவாவில் ஐ.எஸ்.எல். குமிழிக்குள்ளும் கொரோனா புகுந்தது. என்ன செய்தார்கள்? ஏடிகே மோகன் பகான் ஆட்டங்களைத் தள்ளிவைத்தார்கள், கேரளா பிளாஸ்டர்ஸ் - மும்பை சிட்டி ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். கொல்கத்தாவில் ஐ-லீக் என்ற இன்னொரு கால்பந்துப் போட்டி டிசம்பர் 26 தொடங்கி, தொற்று வந்ததும் சில நாளில் முழுப் போட்டியையே நிறுத்திவைத்தார்கள். ஒருத்தரையும் வெளியே அனுப்பவில்லை. அதுதான் முறை. தொற்றுக் காலத்தில் போட்டி நடத்துகிறேன் என்று முன்வருகிறவர் தொற்று வரும் என்று தெரிந்துதானே வருகிறார்? அப்படி வரும்போது அதன் சுமையை அவர்தான் தாங்கவேண்டும். ஆடவந்தவர்கள் தலையில் கட்டக்கூடாது. இந்தப் பெண்கள் விதியை மீறி ஊர் சுற்றப் போகவில்லை, தங்கவைத்த இடத்தில்தான் இருந்தார்கள். அந்த ஓட்டல் ஊழியர்களுக்கு முதலில் தொற்று இருந்ததாக அணியின் பயிற்சியாளராக இருந்த தாமஸ் டென்னர்பியே சொல்லியிருக்கிறார். குமிழியைக் கட்டியவர்கள் ஓட்டை விட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் வெளியே போனார்கள்.

பல நாட்டு அணிகள் வந்து மூன்று வாரத்துக்குள் முடிக்கவேண்டிய போட்டி, இஷ்டத்துக்குத் தள்ளிவைக்க முடியாது, புரிகிறது. அப்படியானால் ஒவ்வொரு அணிக்கும் எட்டுப் பத்து மாற்று ஆட்டக்காரர்களை வேறு ஓட்டலில் தனியாக வைத்திருக்கலாம். இரண்டு நாள் கூடுதலாக இடைவெளி விட்டு அட்டவணை போட்டிருக்கலாம். செலவு ஆகும்தான். அந்தச் செலவைச் செய்ய மனசில்லை என்றால் நடத்தவே கூடாது.

எங்கள் ஊர் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார். மைதானத்துக்கு வெளியே அவர் தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. 2020 ஊரடங்கில் நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தவர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் ஜெயித்து முதல் முறையாகத் தேசியக் கோப்பையை எடுத்தபோது அதில் இருந்தவர். கடலூரில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்பது சுனாமிக்குப் பிறகு பெற்றவர்களை இழந்த பிள்ளைகளும், சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த கதை. போலீஸ் வேலை, ரயில்வே வேலை, காலேஜ் சீட் எல்லாம் அந்தப் பந்தால் வந்தது. அதனால்தான் எங்களுக்கு நிறுத்துவது என்றால் அவ்வளவு வலிக்கிறது.

கணக்குப் பாருங்கள். பெண்கள் தேசிய லீக் இறுதி ஆட்டம் கடைசியாக நடந்தது 2020 பிப்ரவரி 14. 2022 ஜனவரியான இன்று வரை இரண்டு வருஷமாக அந்த லீக் இல்லை. ஆண்களுக்கு அதற்குள் ஒரு முழு ஐ.எஸ்.எல். முடிந்து, அடுத்ததில் பாதியும் ஆகிவிட்டது. 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2020இல் இந்தியாவில் நடக்கவேண்டியது, 2021க்குத் தள்ளி, அப்புறம் அதையும் ரத்து செய்து, 2022இல் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்லதுதான், ஆனால் 2003, 2004இல் பிறந்த பிள்ளைகள்? வயது தாண்டிவிட்டது. சொந்த மண்ணில் உலகக் கோப்பை ஆடப்போகிறோம் என்று கேம்ப்பில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு அது இனிமேல் கிடையாது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் இருந்தாள், இடது கால்காரி, மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவள் ஓடினால் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மைதானத்தை மூடினார்கள், காலேஜ் செல்போனுக்குள் போய்விட்டது, வீட்டிலேயே இருக்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்து அவள் அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது, போன ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். 19 வயது. நல்ல இடம்தான், நல்ல பையன்தான். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும், "அக்கா, கிரவுண்டு தொறந்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இதைத்தான் தங்கச்சிக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நேற்று ராத்திரி போனில் முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அந்த 12 பேருக்கும் இப்ப காய்ச்சல் எப்படிக்கா இருக்கு, ஆக்சிஜன் லெவல் பாக்கறாங்களா?" என்று கேட்டாள். அவள் அப்படித்தான்.

இந்த ஞாயிறு முழு ஊரடங்கு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். காலையில் பாப்பாவை மைதானத்துக்குக் கூட்டிப்போகவேண்டும். நேற்று அலமாரியிலிருந்து அவளுடைய ஸ்டட்ஸை, அதாவது கால்பந்து ஷூவை, எடுத்துப் பார்த்தேன். 2020 மார்ச் முதல் வாரத்தில் வாங்கியது, மூன்று நாள்தான் போட்டாள், அடியில் ஒட்டிய செம்மண் காய்ந்து அப்படியே இருக்கிறது. அப்போது அவளுக்கு 9 வயது. இப்போது குதிகால்கூட உள்ளே போகவில்லை. வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்று இவ்வளவு நாள் நானே அவளை அனுப்பாமல் வைத்திருந்தேன். நாளைக்கு வேலை முடிந்து வரும்போது நேரு வீதியில் இறங்கிப் புதுசு வாங்கவேண்டும், ஒரு சைஸ் பெரிசாகவே.